இருட்டுவதற்குள் ஒரு வேளை

எடை மிஷினில் ஏறி நின்றதும் சுனந்தா கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் தேவிப்ரியா எண்ணைப் பார்த்துவிட்டு, "இறங்கி இன்னொரு தடவை ஏறுங்க" என்றாள். இறங்கி ஏறினாள். அதே நாற்பத்து நாலரை. போன மாதமும் அதுதான்.

"மாசமானப்ப நாப்பத்திரண்டு. இப்ப ஏழாம் மாசம். ரெண்டரை கிலோதான் ஏறியிருக்கு. உங்கள மாதிரி ஒல்லியா இருக்கறவங்க பிரசவத்துக்குள்ள பன்னெண்டு பதிமூணு கிலோவாவது ஏறணும். சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடறேன் சிஸ்டர்."

"வாந்தி?"

"அதெல்லாம் நாலாம் மாசமே நின்னுபோச்சு."

தேவிப்ரியா அட்டையில் எழுதினாள். கையில் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்குச் சீட்டு கொடுத்தார்கள். "அடுத்த வாட்டி வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று தேவிப்ரியா சொன்னாள். வீட்டில் இருப்பது மாமியார் த்ரிசலா ஒருத்திதான். கணவன் சுதீர் ஓசூரில் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான்.

சுனந்தா பிறந்ததும் புகுந்ததும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் அவள் அப்பாவுக்கு நெல்லும் மணிலாக் கொட்டையும் விளையும் நிலம் இருந்தது. இருட்டிய பின் உண்ணக் கூடாது என்ற சமண வழக்கப்படி அங்கே பொழுது இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரியாது. சின்ன வயதிலிருந்து பழகியதால் அவளுக்கு அது ஒரு கட்டுப்பாடாகவே தோன்றியதில்லை. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்து, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச் சாரியில் சக்கரபாணி வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கும் வேலைக்குப் போன பிறகுதான் பொழுதும் பசியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

கடை மாலை ஆறரைக்குத்தான் விடும். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து தண்டராம்பட்டு ரோட்டில் இருக்கும் வீடு என்று இரண்டு பஸ் மாறி வந்து சேர ஏழரையாகிவிடும். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைச் சுற்று வழியில் விடுவார்கள். எட்டரை கூட ஆகும். த்ரிசலா இதற்காகவே இரண்டு டப்பா கட்டிக் கொடுப்பாள். மத்தியானத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று.

இந்த ஏழு மாதத்தில் ஐந்து மணி டப்பாவை சுனந்தா சாப்பிட்டதே இல்லை. நாலரைக்கு மேல்தான் கடையில் கூட்டம் நெரியும். ஆபீஸ் மூடுவதற்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும் என்று பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்து சாப்பிடுவது சக்கரபாணிக்குப் பிடிக்காது. கூட்டம் கலையும்போது ஆறு தாண்டியிருக்கும். கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது போய்விடும். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்களுக்கு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, குழாயில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

"சாப்பிட்டியா?" என்று த்ரிசலா கேட்பாள்.

"ஆச்சு அத்தை."

மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் அடுத்த வாய் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான். நடுவில் வெறும் தண்ணீர்.

பஸ்ஸில் வரும்போது சாப்பிட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். சாப்பிட்டாள், முதல் தடவை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முதல் முறையாக உண்டானபோது, பசி தாங்காமல், ஏழு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் டப்பாவை மறைத்துக்கொண்டு சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றிருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படி நடந்திருக்கும். அதற்கடுத்த வாரம் அந்தக் கரு தங்கவில்லை. இப்படி ஆவது சகஜம், உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவளுக்குக் காதில் ஏறவில்லை. இருட்டில் தின்றதற்குத்தான் இது என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அதை சுதீரிடம்கூடச் சொல்லவில்லை. இந்த முறை விளக்கு வைத்தபின் ஒரு பருக்கை வாயில் படாது என்று இருந்தாள்.

ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி நாளுக்குத் தகுந்தபடி இல்லை, கம்மி என்று வந்தது. ரத்தமும் கம்மி. தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. கூடப் போன த்ரிசலாவிடம் தேவிப்ரியா என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். த்ரிசலா விரல் விட்டுச் சொன்னாள்: காலையில் பால், இட்லி, மத்தியானம் பருப்பு, கீரை, தயிர், சாயங்காலம் நெய் போட்ட சப்பாத்தி, கொண்டைக்கடலை, வேர்க்கடலை உருண்டை.

"இவ்வளவும் சாப்பிட்டா ஏறணுமேம்மா" என்றாள் தேவிப்ரியா, சுனந்தாவையே பார்த்துக்கொண்டு. சுனந்தா தரையைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. கை நிறைய வளையல் அடுக்கியும் அவை முழங்கை வரை சரிந்து சரிந்து விழுந்தன. சுதீரின் ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன த்ரிசலா, மருமவளுக்குச் சோறு போடறியா இல்ல அதுக்கும் நோன்பா?" என்றாள். சிலர் சிரித்தார்கள். த்ரிசலாவும் சிரித்துவைத்தாள்.

எல்லோரும் போன பிறகு சுனந்தா சமையல்கட்டுக்குப் போனாள். த்ரிசலா பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சுனந்தாவைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க குடுக்கற சாயங்கால டப்பாவ நான் சாப்பிடறதே இல்ல" என்றாள் சுனந்தா.

"என்ன சொல்ற?"

"கடையில நேரம் கெடைக்கல. பொழுது போயிடுது. நாய்க்குப் போட்டுட்டு வரேன்."

சுனந்தா நிறுத்தவில்லை. நிறுத்தினால் அப்புறம் வராது என்று தெரிந்து, பஸ்ஸில் தின்றதையும், அந்தக் கரு போனதையும், அதற்குப் பிறகு மனசில் வைத்திருந்ததையும் கொட்டிவிட்டாள்.

"ஏழு மாசமா என் கையால ஆக்கினத நாய்க்கா போட்ட?" என்றாள் த்ரிசலா. "ஊரே என்னைக் கேக்குது, நான் வாய மூடிட்டு நிக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல உனக்கு?"

"பயமா இருந்துச்சு அத்தை."

"அந்தக் கொழந்த போனதுக்கும் நீ பஸ்ல ரெண்டு சப்பாத்தி தின்னதுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் பேச்சே இல்லை. சாப்பாடு மட்டும் தட்டில் வந்தது. டப்பா இரண்டும் வழக்கம்போல வாசலில் இருந்தன.

வளைகாப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை, குறை தீர்க்கும் நாள். கடையில் ஈ நுழைய இடமில்லை. ஐந்து மணிக்கு சுனந்தா கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சார், பத்து நிமிஷம். சாப்பிட்டு வந்துடறேன்."

சக்கரபாணி திரும்பிப் பார்த்தார். "இப்பவாம்மா? ஜனம் நிக்கறது தெரியல? ஆறு மணிக்கு மேல சாப்பிடு."

"ஆறு மணிக்கு மேல சாப்பிட மாட்டேன் சார். கொழந்தைக்கு எடை இல்லனு சொல்லிட்டாங்க."

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. வரிசையில் முதலில் நின்ற விவசாயி இருசப்பன், மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டு வாம்மா. நாங்க எங்க ஓடிப் போறோம்?" என்றார். அவள் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, சூடு ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றாள். தண்ணீர் குடித்துக் குடித்து முழுங்கினாள்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. நாலாம் வாரம் சக்கரபாணி இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒடம்பைப் பாத்துக்கம்மா. பிரசவம் ஆனதும் வா, பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது சுனந்தாவுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள். சுதீர் போனில், "போனா போவுது விடு. வீட்ல இருந்து நேரத்துக்குச் சாப்பிடு" என்றான். அவனுக்கு அது சுலபமாக இருந்தது.

வீட்டிலிருந்தபோது த்ரிசலா அவளை ஐந்து வேளை சாப்பிட வைத்தாள். காலை ஏழு, பத்து, ஒன்று, மூன்றரை, ஐந்தரை. எல்லாம் பொழுதுக்குள். அவர்களுக்குள் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் த்ரிசலா இப்போது எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகும் வரை எழுந்திருக்க மாட்டாள். சுனந்தாவால் அதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை.

ஒருநாள் எடை பார்த்து முடித்ததும் தேவிப்ரியாவிடம் கேட்டாள். "சிஸ்டர், மொதல் தடவ போனது, நான் நேரங்கெட்ட நேரத்துல சாப்பிட்டதாலயா?"

தேவிப்ரியா பேனாவை வைத்தாள். "இல்ல சுனந்தா. சாப்பிட்டதால எந்தக் கருவும் போவாது. பெரும்பாலும் அந்தக் கருவுலயே ஏதாவது கொறை இருந்திருக்கும். உங்க பழக்கத்த நான் விடச் சொல்லல, பகல்லயே தேவையானத சாப்பிட்டுடலாம். ஆனா பதினெட்டு மணி நேரம் பட்டினி கெடக்கறது உங்களுக்கும் ஆவாது, உள்ள இருக்கறதுக்கும் ஆவாது."

சுனந்தா தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அன்று ராத்திரி மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

எடை நாற்பத்தொன்பது வரை வந்தது. பொங்கலுக்கு மூன்றாம் நாள், குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பாகவே வலி கண்டது. பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். அழுகை பூனைக்குட்டியின் சத்தம்போல இருந்தது. பால் இழுக்கத் தெம்பில்லை என்று பச்சைக் குழந்தைகள் வார்டில் ஒன்பது நாள் வைத்துக்கொண்டார்கள். சுனந்தா பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று, குழந்தையின் விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். த்ரிசலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாராவது உறவுக்காரர் வந்து, "ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?" என்று கேட்டால், "முன்னாடியே பொறந்துடுச்சு" என்று மட்டும் சொல்வாள். டப்பாவைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, சுதீரிடம்கூட.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது குழந்தைக்கு நாலு மாதம். ஐந்து கிலோ இருநூறு. தேவிப்ரியா, "நல்லா ஏறுது" என்கிறாள். அதைக் கேட்டும் சுனந்தாவுக்குச் சிரிப்பு வருவதில்லை. எடை பார்க்கப் போகும்போதெல்லாம், குழந்தையை இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கும்படி நர்ஸிடம் சொல்கிறாள்.