மென்று விழுங்காதவள்

வயிறு எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டால், ஓசூருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து என்பாள் மாதேஸ்வரி. காருக்குள் ஓடும் வயர்களைக் கோத்துக் கட்டும் கம்பெனி அது. தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்து விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏற வேண்டும். பிறகு நாள் முழுக்க நின்றபடியே வேலை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் என்று கேன்டீன் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவருக்கு என்ன, அது எதை வேண்டுமானாலும் சொல்லும். கை கழுவ வரிசையில் நின்று, இடம் பிடித்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து நாலு வாய் போவதற்குள் சூப்பர்வைசர் பூபதி வந்து மேசையைத் தட்டுவார். டொக், டொக். மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கும். இருந்தும் அந்தச் சத்தம் கேட்டால் மொத்த லைனும் வாயில் இருப்பதோடு எழுந்து ஓடும்.

"டார்கெட்ட உங்க மாமனாரா வந்து முடிப்பாரு?" என்பது பூபதியின் தினசரித் தாலாட்டு.

போன கோடையில் லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். ஆபீஸ்காரர்கள் பதறிப்போய் ஒரு காரியம் செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தைக் கூட்டினார்களா என்றால், இல்லை. பெங்களூரிலிருந்து தர்ஷினி என்ற பெண்ணை அழைத்துவந்து, கவனித்துச் சாப்பிட்டால் மன அழுத்தம் குறையும் என்று வகுப்பு எடுக்க வைத்தார்கள்.

தர்ஷினி நல்ல பெண். ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்தாள். முதலில் பார்க்க வேண்டுமாம், பிறகு முகர வேண்டுமாம், அப்புறம்தான் வாயில் போட வேண்டுமாம்.

"ஒத்தத் திராட்சைக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள் பவளம். மதுரைப் பக்கத்துக்காரி, லைனில் மாதேஸ்வரிக்கு அடுத்து நிற்பவள்.

"அவசரம் வேண்டாம். நல்லா மென்னு முழுங்குங்க" என்றாள் தர்ஷினி.

கேன்டீன் கொல்லென்று சிரித்தது. சொல்ல வந்ததைச் சொல்லத் துணிவில்லாமல் தடுமாறுவதைத்தானே மென்று முழுங்குவது என்கிறோம்? "அது எங்களுக்கு நல்லா வரும் மேடம், பூபதி சார் முன்னால தெனமும் அதத்தான் பண்றம்" என்று மாதேஸ்வரி சொல்ல, பூபதியைத் தவிர எல்லோரும் இன்னொரு முறை சிரித்தார்கள்.

சிரித்தாலும், மறுநாள் மாதேஸ்வரி அதைச் செய்து பார்த்தாள். டப்பாவில் களியும் கீரைக் கடைசலும். களி உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டு, தர்ஷினி சொன்னபடி மென்றாள். களியை யாராவது மெல்லுவார்களா? பல்லில் அப்பி, அண்ணத்தில் ஒட்டி, நாக்கு உள்ளே அசைய மறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வகுப்புக்காக அன்றும் வந்து எதிரே உட்கார்ந்திருந்த தர்ஷினி பதறி எழுந்தாள். டப்பாவைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள், பேச்சில் அவள் வீட்டுக் கன்னடம் கலந்து வந்தது.

"அய்யோ அக்கா, களியா, நம்ம முத்தெயா? எங்க மனேலயும் அதுதான். அகியபார்து, நுங்கபேகு! மெல்லவே வேணாம், அப்படியே முழுங்கணும். உருட்டறப்ப கவனிங்க, தொண்டைல எறங்கறப்ப கவனிங்க. அவ்ளோதான்."

அப்படியே செய்தாள். கிள்ளினாள், உருட்டினாள், கடைசலில் தோய்த்தாள், விழுங்கினாள். மதியம் ஆகியும் களியின் நடுவில் சூடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீரையில் பூண்டு தூக்கலாக இருந்தது. காட்டு யானை மேய்ந்ததுபோக மிச்சம் விட்டுவைத்த ராகி அது, சொந்தக் கொல்லைக்காட்டில் விளைந்தது. நட்சத்திரம் மறையும் முன் எழுந்து, கை கடுக்கக் கிண்டி எடுத்துவருவது. இத்தனை வருஷத்தில் அதன் ருசியை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவளுக்கு அமைதி வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது. என் களியை நான் திங்கவிடாமல் பண்ணினது யார்?

டொக், டொக். எல்லோரும் எழுந்தார்கள். மாதேஸ்வரி எழவில்லை. மணி அடித்த பிறகு டப்பாவைக் கழுவிக்கொண்டு நிதானமாக வந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கதை. வயிற்றெரிச்சல் தணியத் தொடங்கியது. வயர் செருகும்போது விரல் நடுங்குவதும் நின்றது. மத்தியான வேலையில் அவள் கட்டியது எதுவும் தப்பென்று திரும்பி வரவில்லை. எரிந்ததெல்லாம் இப்போது பூபதிக்குத்தான்.

பூபதி ஒன்றும் அசட்டு ஆள் இல்லை. திட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. மஞ்சள் தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்.

மஞ்சள் தொப்பி என்றால் லைன் லீடர். காண்ட்ராக்ட் முடிந்து ஆட்களை அனுப்பும்போது லீடரை அனுப்ப மாட்டார்கள். முட்டி வலித்தால் உட்கார ஒரு ஸ்டூலும் உண்டு. பாதி லைனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தத் தொப்பி மேல் ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் லீடருக்கு முதல் வேலை, பூபதிக்குப் பதிலாக மேசையைத் தட்டுவது.

"நாளையிலேருந்து நீதான் தட்டற. நீ தட்னா கேப்பாளுங்க" என்றார் பூபதி.

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தலையில் மஞ்சள் தொப்பியோடு கேன்டீனில் உட்கார்ந்தாள். பூபதி வாசலில் நின்று அவளையே பார்த்தார். மாதேஸ்வரி உருட்டினாள், தோய்த்தாள், விழுங்கினாள். நேரம் ஆக ஆக, யாரும் தட்டாமலே பெண்கள் டப்பாவை மூட ஆரம்பித்தார்கள். பழகின கால்கள் தாமாக எழுந்தன. பவளம்கூடப் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் மாதேஸ்வரிக்கு ஆத்திரம் பொங்கியது.

இடது கையால் மேசையைத் தட்டினாள். டொக், டொக்.

"உக்காருங்கடி எல்லாம்! இன்னும் மணி அடிக்கல."

எழுந்தவர்கள் அவளையும் வாசலில் நின்ற பூபதியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் பவளம் உட்கார்ந்தாள். பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன.

பூபதி விடுவிடுவென்று வந்தார். "என்னா மாதேஸ்வரி, தொப்பி ஏறுனதும் கொழுப்பும் ஏறிடுச்சா? தொப்பி வேணுமா, வேணாமா? சொல்லு."

"வேணும் சார். ரொம்ப நாளா ஆசப்பட்டதுதான்." தொப்பியைக் கழற்றி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஆனா நாங்க களி துன்றவங்க சார், மென்னு முழுங்கிப் பழக்கமில்ல. நேராவே சொல்லிட்றன். மணி அடிக்காம நானும் எந்திரிக்க மாட்டன், இவங்களயும் எழுப்ப மாட்டன்."

பூபதி சுற்றிலும் பார்த்தார். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்த பிறகுதான் மொத்த லைனும் எழுந்தது. அதற்குள் பூபதி தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

கை கழுவும் இடத்தில் பவளம் கண் கலங்க நின்றாள். "போச்சேடி, உன் தொப்பி!"

"போவட்டும்" என்றாள் மாதேஸ்வரி, டப்பாவை விளக்கியபடி. "நீ டப்பாவ காலி பண்ணியா, அதச் சொல்லு."