இறைச்சி சமைக்காத விடுதி

விடுதிகளோடு தொலைபேசியில் பேசுவது எனக்குப் பிடித்துப்போனதை என் மகளால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு அது உயிர் போகிற காரியம். சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, உயர்தரத்தில் உயிரியல்தான் படிப்பேன் என்று நின்றவள். எங்கள் மாம்புரிப் பக்கத்துப் பள்ளியில் அந்த வருடம் உயிரியல் பிரிவு தொடங்குவதாகச் சொன்னார்கள். வரவேண்டிய ஆசிரியை வரவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று நாங்கள் காத்திருக்க, மற்ற ஊர்களில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. இனி விடுதி உள்ள பள்ளி ஏதாவது பிந்தி வருகிறவளைச் சேர்த்தால்தான் உண்டு. இல்லையென்றால் கலைப்பிரிவு. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவாள்.

அவள் கைபேசியில் எண்களைத் தேடித் தருவாள், நான் பேசுவேன். இடம் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் எனக்கு வைக்க மனம் வராது. வீட்டை விட்டு வெளியே தங்கிப் படித்தவள் இல்லை நான். அத்தனை பிள்ளைகளும் காலையில் எப்படிக் குளித்து முடிக்கிறார்கள்? காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பது? சண்டை பிடித்தவர்களை அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைப்பார்களா? ஒரு சிஸ்டர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இப்ப நீங்களா அம்மா சேரப்போறீங்க?" என்று கேட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இடம் இருக்கா எண்டு மட்டும் கேளுங்கம்மா!"

கடைசியில் வடக்கே ஒரு சைவப் பள்ளியில் ஒரு கட்டில் இருந்தது. அதில் இருந்த பிள்ளை, தகப்பனுக்கு வேலை மாற்றம் வந்ததால் போய்விட்டதாம். விடுதிக்குப் பொறுப்பான ஆசிரியை, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரில வாங்கோ, பாத்துத்தான் சொல்லலாம்" என்றார். பிறகு, "இஞ்ச இறைச்சி ஒண்டும் சமைக்கிறதில்லை. சரிவருமோ?" என்று கேட்டார். அதற்கென்ன மிஸ், பிரச்சினையே இல்லை என்றேன்.

கடலுக்குப் போகும் என் கணவர், காரியம் கேட்டு ஒருவர் வாசலுக்கு வெறுங்கையோடு போகிறவர் அல்ல. "இறைச்சி தின்னாத ஆக்களா? அப்ப நல்லதாப் போச்சு. கருவாடு கொண்டு போ" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் கத்தோலிக்கரான நாங்கள் இறைச்சியைத் தொடுவதில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டில் மீன் சட்டி நிறைந்திருக்கும். இறைச்சியை விலக்கியவர்களுக்கு மீன்தானே? இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. மகளிடம் சொல்லாமல் நல்ல பாரைக் கருவாடாகப் பார்த்துச் சுற்றி என் பையின் அடியில் வைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் பின்னுக்குப் போனபோது, ஜன்னல் பக்க இருக்கை தேடிப் போகிறார் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் ஆசிரியை மகளின் பெறுபேற்றைப் பார்த்துத் தலையசைத்தார். இதுதான் சமயம் என்று பார்சலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கதிரையோடு பின்னுக்குப் போனார்.

"என்ன இது?"

"பாரைக் கருவாடு, மிஸ். எங்கட வீட்டிலயே காய வச்சது."

மகளின் முகம் செத்துப்போயிற்று. அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஏதோ விளங்கத் தொடங்கியது.

"நான் இறைச்சி இல்லை எண்டு சொன்னனானே" என்றார் ஆசிரியை.

"அதுதான் மிஸ், மீன் கொண்டு வந்தோம்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப உங்களுக்கு மீன் இறைச்சி இல்லையோ?"

இல்லையே என்று, வெள்ளிக்கிழமையையும் தவக்காலத்தையும் சொன்னேன். வாய் உளறியது. எல்லாம் போயிற்று, என் பிள்ளையின் படிப்பை நானே கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவரோ மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். இறால்? நண்டு? முட்டை? பெரிய வெள்ளிக்கு என்ன சமைப்பீர்கள்? என்னைப்போல விடாமல் கேட்கிற ஒருத்தியை அன்றுதான் கண்டேன். கடைசியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதை முதல்ல வெளியில வையுங்கோ" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இரண்டு வருசம் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. இருப்பீரோ?"

"இருப்பேன் மிஸ்." கேள்வி முடியுமுன் பதில் வந்தது.

"அப்ப இண்டைக்கே நில்லும். பாடம் நிறையப் போயிட்டுது. உடுப்புகளை அம்மா பிறகு கொண்டு வரட்டும்."

கேட்டுவிட்டு வரத்தான் நாங்கள் போனோம். இடம் இல்லை என்று சொன்னால் அவளை எப்படித் தேற்றுவது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்திருந்தேன். இடம் கிடைத்தால் நான் தனியாகத் திரும்ப வேண்டும் என்று ஒருதரமும் நினைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கருவாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

மகள் பள்ளிக் கேற் வரைக்கும் வந்தாள். உள்ளே மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். போக அவசரம். சாப்பிடு, பத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் என் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "கவனமாப் போங்கம்மா, வீட்ட போனதும் கோல் எடுங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் போகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்கிறவள் நான். என்னிடம் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.