கிணற்றாமை வாசல் வழியாகப் போனது

அரிமளத்தில் திலகவதியைச் சத்துணவு டீச்சர் என்றால்தான் தெரியும். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, கொல்லைக் கிணற்றுச் சுவரில் வாளியை இரண்டு தட்டுத் தட்டுவாள். கீழே இருட்டிலிருந்து ஒரு தலை மேலே வரும். ஒரு பிடி சோறு அந்தத் தலைக்கு. அன்றைக்கு யார் யாரோடு சண்டை, முட்டை எத்தனை அழுகல் என்பதையும் அதனிடம் ஒப்பித்துவிட்டுத்தான் முகம் கழுவுவாள்.

தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த ஆமையைக் கிணற்றில் விட்டவர் அவளுடைய மாமியார். திலகவதி கல்யாணமாகி வந்த அதே வருசம். கிணற்றுக்குள் கிடந்தால் ஆமை நல்லது. வாசப்படி தாண்டினால் மூதேவி. இந்தச் சட்டத்தை எந்த மகராசன் எழுதினானோ!

மூன்றாம் வருசம் பஸ் விபத்தில் அவள் புருசன் செந்தமிழன் செத்துப்போனான். கருமாதிப் பந்தலில், உறவெல்லாம் கூடியிருக்க, மாமியார் மருமகளைக் கை நீட்டிச் சொன்னார்: "ஆமை புகுந்த மாதிரில்ல எங்க வீட்ல புகுந்துட்டா!"

திலகவதி பதில் சொல்லவில்லை. பின்னாளில் படுத்த படுக்கையான அதே மாமியாரை நாலு வருசம் குளிப்பாட்டிச் சோறூட்டினாள். அப்போதும் சொல்லவில்லை. அந்தச் சொல் மட்டும் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது.

இப்போது துபாயிலிருக்கும் மகன் பிரவீன்குமார் மாடி கட்டுகிறான். பழைய அடுப்படியை இடித்த கல்லும் மண்ணும் கொல்லையில் குவிந்திருந்தன. மதியத்துக்குள் அதைக் கிணற்றில் தள்ளிவிடுவதாகக் கொத்தனார் சொல்லிவிட்டார்.

"உள்ள ஆமை இருக்குடா" என்றாள் போனில்.

"அது வைல்ட்லைஃப்மா. வச்சிருந்தாலே கேசு."

"அப்ப கல்லப் போட்டுக் கொன்னா கேசு இல்லையாக்கும்?"

தூர் வாருகிற ராக்கனைக் கூட்டிவந்து கிணற்றில் இறக்கினாள். அவன் ஆமையை வாளியோடு மேலே கொண்டுவந்து, அவளுடைய பெரிய அலுமினியச் சட்டிக்கு மாற்றினான். அதோடு கையை உதறிக்கொண்டான்.

"இங்கிட்டும் அங்கிட்டும் அடுத்த வீட்டுச் செவுரு. வெளிய போகணும்னா ஒங்க வீட்டுக்குள்ளதான் போகணும். என்னால ஆகாது டீச்சர். நாளைக்கு ஒங்களுக்கு ஒரு காய்ச்சல்னாலும் ராக்கன் கொண்டாந்த ஆமைதான்னு சொல்லுவாக."

திலகவதி குவிந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தேழு வருசமாகத் தன் பேச்சைக் கேட்ட ஒரே ஜீவன், ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சட்டியில் கிடந்தது. இதுவா குடியைக் கெடுக்கும்? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தள்ளுண்ணே" என்று எழுந்து, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நேரே போகவில்லை. நடுவீட்டில், மாமியார் படத்துக்குக் கீழே ஆமையை இறக்கிவிட்டாள். அது மெதுவாகத் தலையை நீட்டி, ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நாலடி நடந்தது.

"பாத்துக்கங்க அத்தை. நான் வந்த வாசல் வழியாத்தான் இதுவும் போகுது. இது மேலயும் தப்பில்ல, எம் மேலயும் தப்பில்ல."

சொல்லி முடித்ததும் விம்மி அழுதாள். கொல்லைப்படியில் நின்ற ராக்கன் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு அவனே முன்னால் போய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டான்.

கண்மாய்க்கு அவனுடைய டிவிஎஸ்ஸில் போனார்கள். தண்ணீரில் விட்டதும் ஆமை வட்டமாகச் சுற்றியது. சரியாகக் கிணற்றின் அகலம். மறுபடியும் அதே சுற்று.

"ஏண்ணே சுத்துது?"

"செவுரு எங்கன்னு தேடுது டீச்சர்."

திலகவதியின் கை தானாகச் சட்டியைத் தட்டப் போனது. தட்டினால் வந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். விரலை மடக்கிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் ஆமை பாதியில் நின்றது; பிறகு நேராக நடுக்கண்மாயைப் பார்த்து நீந்திப் போனது.

எங்கேயும் இடித்துச் சத்தம் வந்துவிடக் கூடாதென்று, கரையைத் தாண்டும்வரை சட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.