மலைக்கு அப்பால் தங்கை

பன்வில ஊர்க் கடையில் என் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் வண்டிப் பாதை சரிந்துவிட்டது. மலைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் என் தங்கை பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை. இனிப் பாறைவழி ஒன்றுதான். நாளைக் காலை ஏறலாம் என்று திட்டமிட்டு, அந்த வழியாக இப்போதுதான் இறங்கி வந்த தொழிலாளி முத்தையாவிடம் விசாரிக்கிறேன்.

"பாறையெல்லாம் வழுக்குதுங்க. மூணு எடத்துல தவழ்ந்துதான் வந்தேன். ரெண்டு நாள் பொறுத்துப் போங்க."

"தங்கச்சிக்கு மாசம் முடிஞ்சிருச்சு, அண்ணே."

அவர் வாசலுக்குப் போய் மலையைப் பார்க்கிறார். மேகம் இன்னும் கறுக்கிறது.

"அப்ப நாளைக்குன்னு இருக்காதீங்க. ராத்திரி மழை பெஞ்சா ஓடையத் தாண்ட முடியாது. சப்பாத்தக் கழட்டுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

காலை மணி பத்துகூட ஆகவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். வெறுங்காலோடு அவர் பின்னால் ஏறத் தொடங்குகிறேன்.