பன்னு குரைக்கவே இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திர வெயிலில் நடந்தது. அப்போது அடையாறில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில், பின்பக்கம் குடியிருந்தேன். நானும் பன்னுவும்.

பன்னு என் நாய். சைதாப்பேட்டையில் டீக்கடை வாசலில் நான் போட்ட பன்னைத் தின்றுவிட்டு என் பின்னாலேயே வந்தது. திரும்பிப் போகவில்லை. அப்போதுதான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு, அவர்களுக்கு ஊருக்கு வெளியே வீடு கொடுத்தபோது, வேலைக்காக நான் நகரத்துக்குள் வாடகைக்குத் தங்கினேன். வாடகைப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் நானே படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மேற்கு மாம்பலம், அங்கேயே இன்னொரு தெரு, பிறகு மந்தைவெளி, கடைசியாக அடையாறு. ஒவ்வொரு முறையும் மீன்பாடி வண்டியில் மெத்தை மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஊர்வலம் போவதுபோல இரண்டு பக்கமும் பார்த்தபடி பன்னு வரும்.

மாம்பலத்து முதல் வீட்டில் அது தபால்காரரைப் பார்த்துக் குரைத்ததற்காகவே காலி செய்யச் சொன்னார்கள். அதன் பிறகு பாடம் எடுக்க ஆரம்பித்தேன். குரைக்க வாயெடுத்தால் கையால் பொத்தி, காதருகே ‘ஓனர்’ என்பேன். அடங்கினால் ஒரு துண்டு பன். இரண்டே மாதம்தான். ‘ஓனர்’ என்று சொன்னால் வாயை மூடிக்கொண்டு, இருட்டு மூலையாகப் பார்த்துப் போய்ப் படுத்துவிடும். பிறகு சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் குரல் கேட்டாலே ஒளிந்துகொள்ளும்.

அம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “நாயிக்கே கிளாஸ் எடுத்துட்டியேடி. எனக்கு ஒரு கையெழுத்து போடக் கத்துக் குடுத்தியா?”

அடையாறு வீட்டுக்காரம்மாவிடம் புரோக்கர், “கொலைக்கவே கொலைக்காதும்மா, பேருக்குத்தான் நாயி” என்றபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு தடவை சத்தம் கேட்டாலும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் அந்த அம்மா சாவியைக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் முடிந்து தேனாம்பேட்டையிலிருந்து வந்தால், கேட் திறந்து கிடக்கிறது. பின்பக்கம் பன்னு இல்லை. மாடியில் வீட்டுக்காரம்மா நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நாய் அவிழ்ந்து திரிகிறது என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று பயம். குரலை இறக்கி, “பன்னு, பன்னு” என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். தெருவுக்குப் போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

நாய்கள் பழைய வீட்டைத் தேடிப் போகும் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை மந்தைவெளியில் தெருத்தெருவாகக் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்துக்கு நடுவே நின்று கத்தினேன். கீரை விற்கும் அம்மா கேட்டார்: “யாரத் தேடிக்கினு கீற? புள்ளயா?”

“நாயிங்க.”

“நாயிக்கா இந்தக் கூவு கூவுற! நானும் புள்ளயத் தொலச்சிட்டியோன்னு பயந்துட்டேன், போ.”

சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது எனக்குக் குரலே இல்லை.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மா கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். “முன்னாடி படிக்கட்டுப் பக்கம் ரெண்டு நாளா எலி சுரண்டுதும்மா. உன் பக்கம் வருதா?”

“இல்லீங்க மேடம்” என்றேன். நாயைக் காணவில்லை என்று அப்போதும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பெயிண்டர் போட்ட கூச்சல் பின்பக்கம்வரை கேட்டது. “யக்கா! உன் நாயி இங்க கீதுக்கா!”

படிக்கட்டுக்கு அடியில், பெயிண்ட் டப்பாக்கள் வைக்கும் பொந்துபோன்ற அறை. டப்பாக்களுக்குப் பின்னால் பன்னு கிடந்தது. கதவின் உள்பக்கம் மரம் தெரியும்வரை சுரண்டியிருந்தது. நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டார். “வெள்ளிக்கெழம நான்தான்க்கா தாப்பா போட்டேன். ரெண்டு நாளா வேலைக்கி வரல. உள்ள பூந்துக்கினு இருந்தது தெரியாதுக்கா. ஒரே ஒரு கொரல் குடுத்திருந்தா தொறந்திருக்க மாட்டனா?”

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாக்கு வெளியே தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “கத்துடி பன்னு, எவ்வளவு வேணும்னாலும் கத்து. இங்க ஓனர் யாரும் இல்லடி” என்று அழுதேன்.

அந்த ஒரு சொல் மட்டும் அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். தொங்கிய நாக்கை உள்ளே இழுத்து, வாயை மூடிக்கொண்டது.

நந்தனம் சிக்னலில் பச்சை விழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சின்ன வயதில், மயிலாப்பூரில் தான் பாத்திரம் தேய்க்கும் வீடுகளுக்கு அம்மா என்னையும் கூட்டிப் போவாள். பின்கட்டில் உட்காரவைத்து, “வாயத் தொறக்காத, வூட்டுக்காரம்மா கீறாங்க” என்பாள். படித்ததும் அதிலிருந்து தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதையேதான் பன்னுவின் காதில் ஓதியிருக்கிறேன்.

விஷயம் தெரிந்து வீட்டுக்காரம்மா கீழே இறங்கி வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். “பாவம், இருக்கிற இடமே தெரியாது. ரொம்ப நல்ல நாய்” என்றார். நான் தலையாட்டினேன்.

பன்னு இல்லாத தெருக்களில் எல்லாம் தொண்டை கிழியக் கத்திய நான், அது இருந்த ஒரே இடத்தில் மட்டும் யாருக்கும் கேட்காதபடி கூப்பிட்டேன் என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்குக் குரல் வருவதில்லை.