அன்னம்மாள் கிணற்றைத் தேடிய அண்ணாச்சி

ஜெபமணி அண்ணாச்சி போய்விட்ட செய்தி எனக்கு வந்த விதமே அவருக்குப் பொருத்தமாக இருந்தது. துறைமுக அலுவலகத்தில் காலை வேளை. எங்கள் பியூன் மூச்சிரைக்க ஓடிவந்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும், அண்ணாச்சிதான் ஏதோ அவசரச் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். "சாமி, நம்ம அண்ணாச்சி காலையில எந்திரிக்கலையாம். தூக்கத்துலயே போயிட்டாவ" என்றார் பியூன். ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மனிதர் தூங்குவார் என்பதே நான் நம்பாத சங்கதி.

துறைமுகத்துக்காரர்களுக்கும் தேரிக்காட்டுக்காரர்களுக்கும் நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் அவர் ஸ்டோர் கிளார்க், நான் டைப்பிஸ்ட். பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் தாமிரபரணிக் கரைக் கோயில் ஊர்க்காரன் என்பதால் எனக்குச் 'சாமி' என்று பேர் வைத்தவரே அவர்தான். பிறகு அலுவலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. எதையும் மெதுவாகச் செய்யச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பைய, பையன்னு சொல்லுதவன்கூட ஒரு பஸ்ல ஏற மாட்டேன் வே" என்பார். பஸ் வருவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிடுகிறவர் போலத்தான் எப்போதும் இருப்பார்.

அவருடைய ஊர் அன்னவிளை. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகளுக்குள் ஒளிந்துகிடக்கும் சின்னக் குடியிருப்பு. அந்த ஊர் உண்டான கதையை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பஞ்ச காலத்தில் நாலைந்து குடும்பங்கள் நாசரேத் பக்கமிருந்து நிலம் தேடி நடந்து வந்திருக்கின்றன. முன்னால் நடந்தவர் மாசிலாமணி, அண்ணாச்சியின் பூட்டன். இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் தூரம் என்று அவர் இழுத்துக்கொண்டே போக, அவர் மனைவி அன்னம்மாள் ஒரு பெரிய பனைமரத்தின் அடியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாளாம். இந்த இடத்தில் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே காட்டுவார். "'இனி ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன். கிணறு தோண்டணும்னா இங்கனயே தோண்டுங்க'ன்னுட்டா எங்க பூட்டி. தோண்டுனாவ. தண்ணி வந்துது. அவ கோவப்படலன்னா எங்க ஊரே இல்ல வே."

கிணறு எங்கே என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். அண்ணாச்சியின் அப்பா வாலிபராக இருந்தபோது, ஆடிக் காற்று வருஷா வருஷம் மேற்கேயிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கிணற்றை மூடிவிட்டது. ஜனங்கள் கிழக்கே நகர்ந்து வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் எல்லோரும் கல்லறைக்குப் போயாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தகவல்: மேலச் சரிவில், உயரப்பனைக்கு அடியில். நாங்கள் கேலி செய்வோம். "அண்ணாச்சி, உங்க பூட்டி கிணத்தோட பனைமரத்தையும் சேர்த்துத் தூக்கிண்டு போயிட்டாளோ?" என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, டீ வாங்கித் தராமல் பழிவாங்கினார்.

கேலியெல்லாம் ஓய்ந்தது, தேரியில் மரம் வளர்க்கும் அரசாங்கத் திட்டம் வந்தபோது. நல்ல திட்டம்தான், மணல் பறப்பது நிற்கும். ஆனால் மேலச் சரிவு மொத்தமும் புறம்போக்கு, அதையும் சேர்த்து வேலி போடுவோம் என்றார்கள். அந்தச் சரிவின் ஓரத்தில்தான் அண்ணாச்சியின் சித்தப்பா மகன் தங்கராசுவும் இன்னும் சில குடும்பத்தாரும் முருங்கையும், கொல்லாமரம் என்கிற முந்திரியும் போட்டிருந்தார்கள். பட்டா கிடையாது. அது போனால் உப்பளத்துக்குக் கூலிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பார்வையிட வந்த அதிகாரி நியாயமான மனிதர். "வெறும் மணலாத்தான் இருக்கு. ஒங்க முன்னோர் இங்க பயிர் வச்சதுக்கு ஒரு அடையாளம் காட்டுங்க. அந்த இடத்த விட்டுட்டு வேலிய தள்ளிப் போடச் சொல்லுதேன். அடுத்த மாசம் வருவேன்" என்று சொல்லிப் போனார்.

அண்ணாச்சிக்கு அன்றைக்குப் பிடித்த வேகத்தை என்னவென்று சொல்ல. விடுமுறை நாள் வந்தால் முதல் பஸ்ஸில் அன்னவிளைக்கு ஓடுவார். சரிவில் எந்தப் பனை மற்றதைவிட உயரமாக நிற்கிறதோ அதன் அடியில் தோண்டுவார்கள். மணல்தான் வரும். அடுத்த உயரமான பனைக்குப் போவார்கள். அங்கேயும் மணல். தங்கராசு சலித்துப்போனார். "அண்ணே, அய்யாமாரு சும்மா கத சொல்லிருப்பாவ. நாம வேற வேலயப் பாப்போம்" என்றார். அண்ணாச்சி கேட்கிற ஆளா? "எங்க பூட்டி கதையில வாரவ இல்லலே, இந்த மண்ணுல உக்காந்தவ" என்று மண்வெட்டியை அவர் கையிலேயே திணித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். ஊர்ச் சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் சரிவுக்கு வந்தார்கள். வெயில் ஏறியதும் என்னால் முடியவில்லை. சரிவு நடுவில், கைக்கு எட்டும் உயரத்தில் ஓலை விரித்து ஒரு குட்டைப் பனை நின்றது. வடலி என்று சொல்லும் இளம்பனையாக்கும் என்று நினைத்து, அதன் மட்டையில் என் தயிர்சாதப் பையை மாட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். அந்த வருஷத்து ஆடிக் காற்று அதன் அடியிலிருந்த மணலைக் கொஞ்சம் வாரிக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் குடிக்க வந்த அண்ணாச்சி, மரத்தில் கையை ஊன்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். குனிந்து, மணலிலிருந்து புதிதாக வெளிப்பட்டிருந்த அடிப்பகுதியை மேலும் கீழும் தடவினார். அப்புறம் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, மண்டி போட்டு, அந்த மரத்தில் தன் நெஞ்சைச் சேர்த்து வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது, வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று. "இங்க தொட்டுப் பாரும் வே" என்றார். தொட்டேன். மேலே சொரசொரப்பு, அவர் காட்டிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"இந்த வழவழப்பு மரத்துக்குத் தானா வராது. எங்கய்யா பனையேறி. தெனம் ஏறி எறங்குததுல நெஞ்சு ஒரசி ஒரசி மரம் தேயும். கையால எட்டுத மரத்துல எவன் வே நெஞ்ச வச்சு ஏறுவான்?"

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மேட்டின்மேல் நின்றவர்களைப் பார்த்து அவர் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஏலே தங்கராசு, இங்கன வாலே. இது வடலி இல்லலே. இதுதாம்லே உயரப்பன. கழுத்து வரைக்கும் மணலுக்குள்ள நிக்கு."

அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. ஊரே உயரமான பனையைத் தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. உயரமான பனையோ எல்லோருக்கும் கைக்கெட்டும் உயரத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. வந்த இடத்தில் நான் அதில் சாப்பாட்டுப் பையை வேறு மாட்டியிருக்கிறேன்.

மறுநாள் அண்ணாச்சி கொடுத்த லீவு விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில் 'கிணறு' என்று மட்டும் இருந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா இது?" என்றார். நான் விளக்கமாகச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிடைத்தால் தனக்கும் சொல்லி அனுப்பச் சொன்னார். நானும் லீவு போட்டேன். அன்னவிளையில் அந்த வாரம் யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. ஆண்கள் சரிவின் பக்கவாட்டிலிருந்து வெட்டினார்கள். பெண்கள் ஓலைப்பெட்டியில் மணலைச் சுமந்து கொட்டினார்கள். சரிந்து விழாமலிருக்க ஓலைத் தட்டியைச் சுற்றிலும் நட்டார்கள். தோண்டத் தோண்ட அந்த மரம் எங்கள் கண்ணெதிரே உயர்ந்துகொண்டே போனது. அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு மத்தியானம் தங்கராசுவின் கடப்பாரை 'ணங்' என்றது.

கல். கிணற்றின் சுற்றுக்கட்டுக் கல். அண்ணாச்சி குழிக்குள் குதித்து, கையாலேயே மணலை விலக்கினார். கல்லின் விளிம்பில் விரல் பதியும் ஆழத்துக்குப் பள்ளம் பள்ளமாகத் தடங்கள் இருந்தன. வருஷக்கணக்கில் கயிறு உரசி விழுந்த தடங்கள். பக்கத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் போன சுண்ணாம்பு வாய்க்காலின் ஒரு துண்டும் வெளியே வந்தது. அன்றைக்கே உள்ளிருந்த மணலையும் வாரத் தொடங்கினார்கள். ஈரம் தட்டியதும் தங்கராசு ஒரு பிடி மணலைக் கொண்டுவந்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். கடற்கரைக்காரர்களுக்கு முதல் கேள்வி அதுதானே. "உப்பில்ல வே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கண்ணிலிருந்து வழிந்தது மணலோடு சேர்ந்து முகத்தையெல்லாம் சிவப்பாக்கியிருந்தது.

அதிகாரி சொன்னபடி வந்தார். குழிக்குள் இறங்கி, அந்தத் தடங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். வாய்க்கால் போன திசையில் நடந்து பார்த்தார். "இது ஒரு தலமொறையில விழுத தடம் இல்ல" என்றவர், வேலிக்கு அடையாளமாக நட்டிருந்த குச்சிகளைப் பிடுங்கிச் சரிவுக்கு அப்பால் நடச் சொன்னார். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம், ஏதாவது பேசுவார் என்று. அவரோ அதற்குள் குச்சிகளை அள்ளிக்கொண்டு சரிவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

ஆனால் மணல் தோற்றுப்போய்விடவில்லை. அடுத்த ஆடியிலேயே திரும்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தது. கிணறு மறுபடி மூடினால் அடையாளமும் போய்விடும், வேறொரு அதிகாரி வந்தால் என்ன காட்டுவது என்று ஊர் பயந்தது. அதனால் முதன்முதலில் அங்கே குடிவந்த குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டன. வாரம் ஒரு குடும்பம் போய்க் கிணற்றைச் சுற்றி மணல் அள்ள வேண்டும். தூத்துக்குடியில் குடியிருந்தாலும் அண்ணாச்சி தன் முறையை விட்டதில்லை. கூட வருகிறேன் என்றால், "டைப் அடிக்குத கைக்கு மம்பட்டி எதுக்கு வே" என்று என்னைக் கழற்றிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும், போன மாதம்வரைக்கும், சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய், அன்னவிளை வீட்டில் வைத்திருந்த தன் மண்வெட்டியைக் கையில் எடுத்தவர்தான்.

அன்னவிளையில் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, குடும்பத்தார் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு ஒரே மகள், பம்பாயில் இருக்கிறாள். "அண்ணன் மொறைய எடுத்துருவோம். மத்தவங்க பங்கு போட்டுக்கிடலாம்" என்றார் தங்கராசு. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "எடுக்க வேண்டாம். அதை எனக்குத் தாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராசு தயங்கினார். "சாமி, தப்பா எடுத்துக்கிடாதீய. இது குடிவந்த குடும்பங்களுக்குள்ள மொறையல்லா."

கமலம் அக்கா, அண்ணாச்சியின் மனைவி, வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த மண்வெட்டி இருந்தது. தங்கராசுவைத் தாண்டி வந்து அதை என்னிடம் நீட்டினார். "மொத பஸ்ஸுக்கே வந்துரணும் தம்பி. பைய வந்தா அவியளுக்குப் பிடிக்காது."

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். வருகிற சனிக்கிழமை அவர் முறை. நான் போகிறேன்.