தொள்ளாயிரம் கோடியில் ஒரு எட்டு

என் கைபேசி எண்ணை முழு எண்ணாக நான் முதன்முதலில் வாசித்துப் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு எண் ஜோதிடரின் மாடி அறையில்தான். தொள்ளாயிரம் கோடியைத் தாண்டுகிற எண். அவ்வளவு பெரியதை அந்த ஆள் எச்சில் தொட்ட விரலால் மேசைமேல் இலக்கம் இலக்கமாகக் கூட்டினார். வாயோரம் வெற்றிலைச் சாறு வழிந்தது. நான் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

பட்டாளத்தில் இருக்கும் என் மகன் இரண்டு ஞாயிறாகக் கூப்பிடவில்லை. அவன் இருக்கும் மலைக்குச் சொந்த போனைக் கொண்டுபோக முடியாது. யார் போனாவது கிடைத்தால், மனப்பாடமாக இருக்கும் என் எண்ணை அழுத்துவான். எதற்கும் பயந்து சாகிற பிறவி நான். ராஜபாளையத்து வீட்டில் தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

“நாப்பத்தி நாலு வருது. நாலும் நாலும் எட்டு. சனியோட நம்பர் தாயி,” என்றார் ஜோதிடர். “இத வச்சிருந்தா பிள்ளைகிட்ட இருந்து நல்ல சேதி வராது. மாத்திருங்க.” இழுப்பறையிலிருந்து ராசியான சிம் கார்டுகளை எடுத்துப் பரப்பினார்.

“நான் அப்பவே சொன்னேன்லட்டி,” என்றார் மதினி.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். இலக்கங்களைக் கூட்டி, மூன்றால் வகுபடுமா, ஒன்பதால் வகுபடுமா என்று பார்க்க எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். ஒற்றை, இரட்டை, பகா எண் என்று பிரித்தோம். ஒரு எண் ஆளைக் கொல்லும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பயந்தேன். ஏதாவது இலக்கத்தை விட்டுவிட்டாரோ என்று அதற்கும் ஒரு பயம்.

“முன்னால தொண்ணூத்தொண்ணுன்னு வருமே, அதச் சேக்க வேண்டாமா?”

மென்றுகொண்டே விரலால் மறுபடி கூட்டினார். “சேத்தா அம்பத்தி நாலு. அஞ்சும் நாலும் ஒம்போது.”

ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிற எண். என் முகம் தெளிந்திருக்க வேண்டும். உடனே சொன்னார்: “ஒம்போது செவ்வா. பட்டாளத்துப் பிள்ளைக்கு ஆகாது. ரத்தம் காட்டுது.”

ரத்தம் என்று சொன்ன வாய் சிவந்து கிடந்தது. ஜன்னல் வழியே துப்பிவிட்டு, சிம்மை எடுக்க என் போனில் ஊசியைக் குத்தப் போனார். பிடுங்கிக்கொண்டேன்.

“எட்டுன்னாலும் ஆகாது, ஒம்போதுன்னாலும் ஆகாதா? அம்புட்டும் உங்க வாய்லதான இருக்கு.”

“பொறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது,” என்றார். அடுத்த பாக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

படியிறங்கும்போது மதினி பிடித்துக்கொண்டார். “ஏட்டி, பெரிய மனுசர்கிட்ட இப்படியா பேசுவ? நாளைக்கு ஒண்ணுன்னா என்ன செய்வ?”

“நம்பர மாத்திட்டா அவன் எந்த நம்பருக்குக் கூப்புடுவான் மதினி? மாத்துனத அவனுக்கு யாரு போய்ச் சொல்லுவா?”

மதினி பாதிப் படியில் நின்றார். “கூறுகெட்டவளே, இத பஸ் ஏறும்போதே சொல்லிருக்கலாம்ல.”

பஸ்ஸிலும் அருவருப்பு அடங்கவில்லை. மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது, முன்னால் போன லாரியின் எண்ணை என் கண் தானாகக் கூட்டியது. எட்டுமில்லை, ஒன்பதுமில்லை, ஆறு வந்தது. மனசு சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அன்றும் மகன் கூப்பிடவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மணிச்சத்தம் முழுசாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.